இடது கால் செருப்பு

அத்தியாயம் 11

பஸ்ஸில் இருக்கை காலியாக இருந்தும் தர்சினி நின்றுகொண்டுதான் வந்தாள்.

கண்டக்டருக்கு அது பிடிக்கவில்லை. மடத்துவெளியில் ஏறியதிலிருந்து இரண்டு தரம் சொல்லிவிட்டார், "ரீச்சர், சீற் கிடக்குத்தானே, இருங்கோவன்" என்று. மூன்றாம் தரம் அவளிடம் சொல்லவில்லை. முன்னால் இருந்த கிழவருக்குக் கேட்கிற மாதிரி, படிச்ச ஆக்களுக்கு எங்கடை சீற் சரிவராது போல என்றார். தர்சினி கம்பியில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டாள். காண்கிற ஆட்களுக்கெல்லாம் நரம்புப் பாடம் நடத்த அவளுக்குச் சம்பளம் தருவதில்லை.

இருந்தால் பத்து நிமிடம் தாங்கும். அதற்குப் பிறகு இடது பிட்டத்தின் நடுவில் யாரோ பெருவிரலை வைத்து அமத்துவது போலத் தொடங்கும். பின் தொடை, கெண்டைக்காலின் வெளிப்பக்கம், புறங்கால் என்று வழி மாறாமல் இறங்கிப் பெருவிரலில் போய் நிற்கும். இரண்டு வருடமாக ஒரே பாதை. நின்றால் கொஞ்சம் பரவாயில்லை. படுத்தால், வலது பக்கம் திரும்பி, முழங்கால் நடுவில் தலையணை வைத்தால், அதைவிடப் பரவாயில்லை. ஆனால் படுத்துக்கொண்டு எந்தப் பஸ்ஸில் போவது?

பின்கதவடியில் அப்பா ஐயாத்துரை இருந்தார். மடியில் உரப்பை.

இந்தக் கதையை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு அந்த உரப்பையைத் தெரியும். அதற்குள்தான் தர்சினியின் முதுகெலும்பு இருக்கிறது. ஸ்கான் படங்கள், துண்டுகள், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் கடல் தண்ணி படாமல் மடித்துச் சுற்றி, இரண்டு வருடமாக அவர்தான் காவித் திரிகிறார். வேலணைப் பரியாரியார் எண்ணெய் போட்டுக் குதிக்காலால் உழக்கியபோது வெளியே நின்று அழுதவரும் அவர்தான். உழக்கிய பிறகு நோ இரண்டு மடங்காகியது வேறு கதை.

போன கிழமைகளில் நடந்ததைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான். டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு எலும்புக்கு நடுவில் இருக்கிற தட்டு பிதுங்கி நரம்பை நெரிக்கிறது என்று காட்டினார். பயிற்சியை இன்னும் செய்து பார்க்கலாம், கனபேருக்குக் காலம் போகப் போகத் தானாய்க் குறையும் என்றார். நரம்படியில் ஊசி போடலாம், மூன்று மாதம் நிம்மதி வரலாம், வராமலும் விடலாம் என்றார். ஒப்பரேஷன் செய்தால் கால்நோ பெரும்பாலும் போகும். நாரியில், இடுப்படியில், உளைவு மிஞ்சலாம், திரும்பப் பிதுங்கவும் கூடும் என்றார். ஒன்றையும் மறைக்காமல் சொன்ன மனுசன்.

பயிற்சியை ஐந்து மாதம் செய்துவிட்டாள். காலையில் பாயில் கிடந்து தேற்றிய முதுகை, குறிகட்டுவானிலிருந்து அவள் படிப்பிக்கிற நெடுந்தீவுக்குப் போகிற ஒரு மணித்தியாலப் படகு அன்றைக்கே உடைத்துப் போடும். சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டால் ஒவ்வொரு அலையும் பலகையால் ஏறி எலும்புக்குள் வரும். பாடசாலை மாற்றம் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. ஊசியும் போட்டாயிற்று. ஆறு கிழமை சுகம், ஏழாம் கிழமை பழையபடி.

ஆகவே இரண்டு கிழமை யோசித்து, வாசித்து, அவளே முடிவெடுத்தாள். ஒப்பரேஷன். அந்தப் படிவத்தில் கையெழுத்து வைத்தபோது, இருபத்தொன்பது வயதில் தன் உடம்பைப் பற்றித் தான் எடுக்கிற முதல் முடிவு இது என்று நினைத்தாள். படகிலும் பாடசாலையிலும் அவளது கைத்தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது. திகதி சொல்லிக் கூப்பிடுவதற்கு அப்பாவின் நம்பரைக் கொடுத்தாள்.

ஏழு கிழமையாயிற்று. யாரும் கூப்பிடவில்லை. கேட்கும்போதெல்லாம் அப்பா, "கூப்பிடுவினம்தானே பிள்ளை" என்றார். இன்றைக்கு நேரில் போய்க் கேட்போம் என்று அவள் லீவு போட்டபோதும், சும்மா ஏன் அலைவான் என்றார். புறப்படும்போது, போன கிழமை வாங்கி வந்த பட்டி வைத்த செருப்பைப் போடச் சொல்லிக் கரைச்சல்படுத்தினார். குதிக்காலைச் சுற்றிக் கட்டுகிற, சின்னப்பிள்ளைகள் போடுகிற மாதிரியான செருப்பு. அவள் சிரித்துவிட்டு வழக்கமான செருப்பையே கொழுவிக்கொண்டாள்.

கடலுக்கு நடுவால் போகிற தாம்போதியில் பஸ் தூக்கிப் போட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கடலைப் பார்த்தாள்.

*

கிளினிக்கில் சனம் வாசல்வரை நின்றது. அப்பாவைத் தேத்தண்ணி வாங்க அனுப்பிவிட்டு, தர்சினி மேசையடிக்குப் போனாள். மேசையில் இருந்த நேர்ஸ் யூலியானா அவளுக்குப் பழக்கம். அல்லைப்பிட்டிக்காரி. முகத்தைப் பார்க்காமலே ஆளின் நடையை வைத்து எந்த எலும்பு என்று சொல்லக்கூடியவள்.

யூலியானா பெரிய கொப்பியைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் நின்றாள். தர்சினியை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீர் ஏன் இண்டைக்கு வந்தனீர்?"

"திகதி கேக்க. இன்னும் கூப்பிடேல்லையே, மிஸ்."

"கூப்பிட்டது. போன செவ்வாய்தான் உமக்கு ஒப்பரேஷன். வரமாட்டீர் எண்டு சொன்னபடியால் வேற ஆளுக்குக் குடுத்தாச்சு."

கொப்பியைத் திருப்பிக் காட்டினாள். தர்சினியின் பெயருக்கு மேலே சிவப்புப் பேனையால் ஒரு கோடு. கோணலில்லாத, அடிமட்டம் வைத்து இழுத்த கோடு. பக்கத்தில் சின்ன எழுத்தில் குறிப்பு இருந்தது. யூலியானா அதை வாசித்தாள். நோயாளியின் தகப்பன் பேசினார். நேர்த்திக்கடன் இருப்பதால் திருவிழா முடிய வருவதாக நோயாளியே சொல்லச் சொன்னார்.

"நோயாளியே" என்ற சொல்லில் தர்சினியின் கண் நின்றுவிட்டது.

"நான் சொல்லேல்லை" என்றாள்.

யூலியானாவுக்கு விளங்கிவிட்டது. இப்படி எத்தனை கோடுகளை அவள் இழுத்திருப்பாள். குரலைத் தாழ்த்தி, அடுத்த இடம் இனி ஐப்பசியில்தான் என்றாள். பிறகு, "காலிலை பெலன் எப்பிடி? நடக்கேக்கை செருப்புக் கழண்டு விழுறதோ?" என்று கேட்டாள்.

ஏழு கிழமைக்கு முதல் டொக்டரும் இதே கேள்வியைத்தான் கேட்டார். பாதத்தைத் தூக்க ஏலாமல் போனாலோ, செருப்பு நிற்காமல் கழன்றாலோ நாள் பார்க்காமல் வா, அது நரம்பு சாகத் தொடங்கிற அடையாளம், பிந்தினால் திரும்பி வராது என்று சொன்னார். அப்போது அப்பாவும் உரப்பையோடு பக்கத்தில் நின்றார்.

"இல்லை மிஸ். அப்பிடி ஒண்டுமில்லை."

"எண்டாலும் இரும். டொக்டர் வரட்டும், நான் கதைச்சுப் பாக்கிறன்."

தர்சினி இருக்கவில்லை. இருக்க முடிந்திருந்தால் அவள் ஏன் இங்கே வருகிறாள்?

*

அப்பா தேத்தண்ணியும் றோல்சும் கொண்டு விறாந்தையால் வந்தார். மகளின் முகத்தைக் கண்டதும் நடை குறைந்தது. தேத்தண்ணியை வைக்க இடம் தேடினார். இடம் இருந்தும் வைக்கவில்லை.

"போன செவ்வாய் நான் எங்கை இருந்தனான் அப்பா?"

அவர் கையிலிருந்த தேத்தண்ணியைப் பார்த்தார்.

"நான் சொல்லுறன். நெடுந்தீவிலை, பத்தாம் வகுப்பிலை, நிண்டுகொண்டு கணக்குப் படிப்பிச்சனான். பின்னேரம் வீட்டை வர நீங்கள் சுடுதண்ணிப் போத்தலை நிரப்பித் தந்தனீங்கள். முதுகுக்கு வை பிள்ளை எண்டு."

"ஓம்" என்றார் ஐயாத்துரை.

அந்த ஒரு "ஓம்" தான் அவளை முறித்தது. மறுத்திருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். ஆஸ்பத்திரிக்காரர் பிழையாக எழுதிவிட்டார்கள் என்று பொய் சொல்லியிருந்தால்கூட ஒரு பத்து நிமிடம் நம்பியிருப்பாள்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கோல் வந்தபோது அவர் திகதியைக் குறித்துத்தான் வைத்தாராம். அம்மா சிவக்கொழுந்து அந்தத் துண்டை வாங்கிக் கிழித்துப்போட்டாளாம். ஆனியில் நயினாதீவு அம்மனுக்குத் திருவிழா. ஒப்பரேஷன் செய்தால் ஆறு மாதத்துக்குக் குனியக்கூடாது. பிள்ளை எப்படி அடி அழிக்கும்? அவர் ஏலாது என்று சொல்லிப் பார்த்தாராம். அவள் மூன்று நாள் சாப்பிடவில்லை.

தர்சினிக்கு அந்த மூன்று நாள் ஞாபகம் இருந்தது. என்னம்மா சாப்பிடேல்லை என்று கேட்டபோது, விரதம் என்றாள் அம்மா. தேசிக்காய்த் தண்ணி கரைத்துக் கொடுத்ததே தர்சினிதான்.

அடி அழிக்கிறது என்றால் தெரியாதவர்களுக்கு: சுவாமிக்குப் பின்னால் வெறுந்தரையில் விழுந்து கும்பிட்டு, எழும்பி, ஓரடி வைத்து, திரும்பவும் விழவேண்டும். வீதி முழுக்க. தர்சினிக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தால் அவள் அடி அழிப்பாள் என்று பத்து வருடத்துக்கு முதல் அம்மா நேர்ந்தாள். கிடைத்தது. அந்த வீட்டில் அதற்கு முதல் ஒருவரும் பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. வேலையும் கிடைத்தால் சேர்த்துச் செய்யலாம் என்று அம்மாவே தள்ளி வைத்தாள். வேலை கிடைத்த வருடம் செத்தவீட்டுத் தீட்டு. அடுத்த வருடம் நோ தொடங்கிவிட்டது.

கைத்தொலைபேசியை எடுத்து அம்மாவுக்கு அடித்தாள். பின்னால் ஆட்டுக்குட்டி கத்துவது கேட்டது.

"என்ரை ஒப்பரேஷனை நிப்பாட்டினது நீங்களோ?"

அம்மா ஆட்டுக்குட்டியை அதட்டினாள்.

"நிப்பாட்டேல்லை. தள்ளி வைச்சது."

"ஆரைக் கேட்டு?"

"நேர்த்தியை முடிச்சுப்போட்டு என்னவும் செய். ஆர் மறிச்சது? மூண்டு வரியமா இழுத்தடிச்சா கால் நோகாமல் என்ன செய்யும்?"

"வீட்டுக்கை குனிஞ்சு கூட்டவே ஏலாமல் கிடக்கு. வீதி முழுக்க எப்பிடியம்மா விழுந்தெழும்புறது?"

"அம்மன் ஏல வைப்பா. உனக்குக் கம்பஸ் கிடைச்சது ஆராலை?"

"விடிய நாலு மணிக்கு எழும்பிப் படிச்சது நான்."

"எழுப்பினது நான்" என்றாள் சிவக்கொழுந்து.

அது உண்மை. நாலு மணிக்கு எழுப்பி, தேத்தண்ணி போட்டுத் தந்து, அவள் தூங்கி விழாமல் எதிரே குந்தியிருந்து ஓலை வார்ந்தவள் அம்மாதான். அதே கைதான் துண்டைக் கிழித்தது. இரண்டையும் ஒரே ஆளில் வைத்துப் பார்க்க அவள் படித்த படிப்பு ஒன்றும் உதவவில்லை.

"நேர்ந்தது நீங்கள், விழுந்தெழும்புறது நான். நல்ல பங்குதான்" என்றாள். "நீங்கள் பாசத்திலை செய்தனீங்கள் எண்டு நாளைக்கு ஊர் சொல்லும். எனக்குத் தெரியும், நீங்கள் என்னை ஒரு சொல்லுக் கேக்கேல்லை."

மறுமொழிக்கு நிற்காமல் நிறுத்தினாள். அப்பாவின் கையில் தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியிருந்தது.

அம்மா செய்தது அம்மாவின் குணம். அம்மா எப்போதும் அம்மனோடு நேராகக் கதைப்பவள்; நடுவில் இருக்கிற மனுசரைக் கவனிக்க மாட்டாள். ஆனால் அப்பா? கிளினிக் வரிசையில் அவளுக்காக நின்று கால் வீங்கினவர். அவளுடைய குரலை எடுத்து, அவளே சொன்னதாக, அவளுடைய பெயருக்குக் கோடு இழுப்பித்தவர். அம்மாவிடம் ஏமாந்தது கோபம். அப்பாவிடம் ஏமாந்ததற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வீட்டை போவம்" என்றாள். டொக்டர் வரட்டும் என்று யூலியானா சொன்னதை அவள் மறந்துபோனாள். மறக்கவில்லை, கோபத்தில் வீசிவிட்டாள்.

*

பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் அவள் விறுவிறு என்று முன்னால் நடந்தாள். பதினொன்றரை மணி வெயில். இடுப்பிலிருந்து கால்வரை ஒரே நோவாக இழுத்தது. இழுக்கட்டும் என்று இன்னும் வேகமாக நடந்தாள். அப்பா பின்னால் வருகிறார் என்பது உரப்பை சரசரக்கிற சத்தத்தில் தெரிந்தது. இப்போதெல்லாம் அவர் பக்கத்தில் நடப்பதில்லை. இரண்டு மூன்று கிழமையாகப் பின்னால்தான் வருகிறார்.

சரசரப்பு நின்றது.

"பிள்ளை."

அவள் நிற்கவில்லை.

"தர்சினி, நில். செருப்பு."

திரும்பினாள். பத்தடி பின்னால் அப்பா குனிந்து எதையோ எடுத்து, கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டிருந்தார். அவளுடைய இடது கால் செருப்பு.

கீழே பார்த்தாள். வெறுங்கால். தார் றோட்டு அடுப்புக்கல்லுப் போலக் கொதித்தது. சுட்டிருக்க வேண்டும். சுடவில்லை.

அப்பா அவசரப்படாமல் வந்தார். ஆச்சரியப்படவும் இல்லை. கழன்ற செருப்பை எடுக்கப் பழகினவர் போல, துடைத்து, நேராகப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்தப் பழக்கத்தைக் கண்டதும் தர்சினிக்கு ஒவ்வொன்றாய் ஞாபகம் வந்தது. பட்டி வைத்த செருப்பு. போன கிழமை. இதைத்தான் போடு பிள்ளை.

"அப்பா, இது எத்தினையாம் தரம்?"

அவர் செருப்பை இன்னொரு தரம் துடைத்தார்.

"எத்தினையாம் தரம் எண்டு கேக்கிறன்."

"மூண்டு. நான் கண்டது மூண்டு."

"குறிகட்டுவான் இறங்குதுறையிலை கழண்டதும் ஒண்டோ? ஆரோ பின்னாலை மிதிச்சவை எண்டெல்லோ நான் நினைச்சன்."

"ஒருத்தரும் மிதிக்கேல்லை. நான் பின்னாலை நிண்டனான்."

ஒரு ஓட்டோ ஹோர்ன் அடித்துக்கொண்டு அவர்களைச் சுற்றிப் போனது.

"டொக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலை நிண்டனீங்கள் அப்பா. பிந்தினால் திரும்பி வராது எண்டு சொன்னவர்."

"கேட்டனான்."

"பிறகேன் சொல்லேல்லை?"

ஐயாத்துரை செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "திகதியை மாத்தின பிறகுதான் முதல் தரம் கண்டனான். சொன்னா, நான் செய்ததும் தெரிய வரும். திருவிழாவுக்கு இன்னும் நாலு கிழமைதானே, அதுமட்டும் கால் தாங்கும் எண்டு நினைச்சன். பட்டி வைச்சது போட்டா விழாது எண்டு…"

காலுக்குப் பதிலாகச் செருப்பைக் கட்டிவைக்கப் பார்த்திருக்கிறார். தர்சினிக்குச் சிரிப்பு வரும் போலிருந்தது. வரவில்லை.

அவள் அங்கேயே நின்று இடது பாதத்தைப் பார்த்தாள். தூக்கு என்று மனதால் சொன்னாள். குதி நிலத்தில் நிற்க, நுனி கொஞ்சம் அசைந்தது. ஒரு அரை அங்குலம். அவ்வளவுதான். வலது பாதம் கேட்டவுடன் எழும்பியது. படகுப் படியில் அடிக்கடி விரல் இடறியதெல்லாம் சோளகத்தின் குற்றமில்லை.

அப்பா குனிந்து செருப்பைக் கொழுவிவிடப் போனார். அவள் காலை இழுத்துக்கொண்டாள். தானே குனிய முடியாமல், அவரது தோளைப் பிடிக்கவும் மனமில்லாமல், பக்கத்து மதிலில் கையை ஊன்றி, கண்ணால் பார்த்துப் பார்த்துப் பாதத்தைச் செருப்புக்குள் நுழைத்தாள்.

"நான் திரும்பிப் போறன்" என்றாள். "டொக்டர் முதல் கேக்கிற கேள்வி எப்ப தொடக்கம் எண்டு. அதை வைச்சுத்தான் இண்டைக்கு வாட்டிலை போடுறதோ ஐப்பசிக்கு விடுறதோ எண்டு முடிவெடுப்பினம். எனக்கு அந்த நாள் தெரியாது. கண்டது நீங்கள். வந்து சொல்லவேண்டியதும் நீங்கள்."

"அம்மா…"

"அம்மாவைக் கேக்கேல்லை. போன தரம் நான் சொல்லாததைச் சொன்னதாய்ச் சொன்னனீங்கள். இந்தத் தரம் நீங்கள் கண்டதைச் சொல்லுங்கோ."

ஐயாத்துரையின் சட்டைப் பைக்குள் கைத்தொலைபேசி அடித்தது. வீட்டிலிருந்து வந்தால் மட்டும் ஒலிக்கிற மணி அது. இரண்டு பேருக்கும் தெரியும். அவர் பையைத் தொட்டார், எடுக்கவில்லை. மகளைப் பார்த்தார். மணி விடாமல் அடித்தது.

தர்சினி கையை நீட்டி அவரிடமிருந்து உரப்பையை வாங்கினாள். இரண்டு வருடத்தில் அதை அவள் தூக்குவது இதுதான் முதல் தரம். நினைத்ததைவிடப் பாரமில்லை.

கிளினிக் பன்னிரண்டு மணிக்கு மூடும். இருபது நிமிடம் இருந்தது. ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பினாள். வலது காலை வைத்தாள். பிறகு இடது காலை, முழங்காலை உயர்த்தி, பாதம் நிலத்தைத் தட்டாமல் தூக்கி வைத்தாள்.

பின்னால் மணி நின்றது.

அப்பா எடுத்துவிட்டாரா, நிறுத்திவிட்டாரா என்று அறிய அவள் திரும்பிப் பார்க்கவில்லை.